பன்னிரண்டு ஐந்துக்கு வரும் வரி

அந்த வரி இன்னும் வரவில்லை. மணி பதினொன்று ஐம்பது, அது வர இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது, தெரியும், தெரிந்தும் ஜெர்லின் திரையின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பஸ் வருகிற நேரம் தெரிந்தும் ரோட்டின் வளைவை எட்டி எட்டிப் பார்ப்பவர்களைப் போல. பதினான்கு நாளாக வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இல்லை. அப்படியென்றால் அது மனிதர்தான், தானாக ஓடுகிற எதுவும் ஞாயிறு பார்ப்பதில்லை. முதல் வாரத்திலேயே இது அவளுக்குப் புரிந்துவிட்டது, புரிந்தபோது உள்ளே ஏதோ ஒன்று சந்தோஷமாகக்கூடத் துள்ளியது, அந்தத் துள்ளலை நினைத்துப் பிற்பாடு கொஞ்சம் வெட்கமும் பட்டாள். நாகர்கோவிலில் அந்த ஆஸ்பத்திரியின் ரத்த வங்கிக்குப் பின்னால், முன்பு போர்வையும் விரிப்பும் அடுக்கிவைத்திருந்த சின்ன அறைதான் இப்போது சர்வர் அறை. ஏசியின் குளிர் கணுக்காலில் வந்து உட்காரும். சுவருக்கு அந்தப் பக்கம் ரத்தத் தட்டணுப் பைகளை ராவும் பகலும் ஆட்டிக்கொண்டே இருக்கிற பெட்டியின் சத்தம், டக் டக் என்று, தொட்டில் ஆட்டுகிற மாதிரி. வெளியே மழை. சாரல் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு இறங்க யோசித்தது. இன்றைக்கு ஒரு மணிக்குள் டாக்டர் பிரேமலீலாவிடம் அறிக்கை கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டுப் பூட்டைப் போட வேண்டும். டாக்டர்தான் இந்த ரத்த வங்கிக்குப் பொறுப்பு. போன மாதம் ரத்தம் கொடுத்தவர்கள் நாலைந்து பேருக்கு யாரோ தரகர்கள் போன் பண்ணி, உங்க குரூப் எங்களுக்கு வேணும், எங்கே வருவீங்க என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவர் நேரே வந்து மேஜையைத் தட்டிச் சத்தம் போட்டார். போன் எண்கள் எங்கிருந்து கசிந்தன என்று யாருக்கும் தெரியவில்லை. ரத்ததான முகாம்களில் பெயரும் போன் எண்ணும் எழுத விரித்துப்போட்டிருக்கிற காகிதத்திலிருந்துதான் என்று ஜெர்லின் நினைத்தாள், அதை யார் வேண்டுமானாலும் போனில் படம் எடுக்கலாமே. ஆனால் காகிதத்தை மேஜையிலிருந்து எடுக்கச் சொன்னதோடு, "மெஷினையும் பூட்டு, முழுசாப் பூட்டு" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முழுசாப் பூட்டுவது என்றால் என்ன என்று டாக்டருக்கு விளக்கியபோது தனக்கே அது புதிதாகத் தெரிந்தது அவளுக்கு. சாதாரணமாக ஒரு ஃபைல் யாருடையதோ அவர் அதை இன்னொருவருக்குக் கொடுக்கலாம், ரூட் என்கிற தலைமைக் கணக்கு கையிலிருந்தால் எதையும் திறக்கலாம். அந்த ரூட் கணக்கு அவளிடம்தான் இருக்கிறது, இந்த மெஷினுக்கு அவள்தான் எல்லாம். புதிய ஏற்பாட்டில் அப்படி இல்லை. ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு அடையாளச் சீட்டு, கிடக்கிற ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சீட்டு. எந்தச் சீட்டு எந்தச் சீட்டைத் தொடலாம், படிக்க மட்டுமா, எழுதவுமா என்று வரி வரியாக ஒரு விதி. விதியில் எழுதாதது எதுவும் கிடையாது. சொந்தக்காரன் சொன்னாலும் கிடையாது, ரூட் சொன்னாலும் கிடையாது. "அப்ப நீயே கேட்டாலும் தராதா?" என்றார் டாக்டர். தராது என்றாள். "நல்ல கத," என்று சிரித்தார் அவர், பிறகு சிரிக்காமல், "அதுதான் வேணும்" என்றார். உடனே பூட்டினால் தேவையானதும் நின்றுபோகும், அவசரத்துக்கு ரத்தம் கேட்டு வருகிற நேரத்தில் லேபிள் அடிக்காது, குளிர்பெட்டியின் அலாரம் அடிக்காது, அந்தப் பயம் அவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்காத பயமாக இருந்தது. அதனால் முதலில் வேடிக்கை பார்க்கிற மாதிரி வைத்தாள். விதியை மீறுகிறவர்களை மெஷின் தடுக்காது, குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும். மறுக்கப்பட்டது என்று எழுதிவிட்டு உள்ளே விட்டுவிடும். அந்த வார்த்தைதான் அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. கூடாது என்று சொல்லிக்கொண்டே வழிவிடுகிற ஆட்களை அவளுக்குத் தெரியும், அப்பா அப்படித்தான். எத்தனை மறுப்புகள்! முதல் நாள் ஆயிரத்து நானூறு. அலாரம் புரோகிராம் கடிகாரத்தைத் தொடுகிறது, சரி, எழுதிக்கொள். காப்பு நகல் எடுக்கிற புரோகிராம் எல்லாவற்றையும் தொடுகிறது, அதன் வேலை அது. ஒவ்வொன்றாக யார் நீ, உனக்கு எதற்கு இது என்று கேட்டுக் கேட்டு விதியில் சேர்த்தாள். மறுப்புகளையெல்லாம் அப்படியே அனுமதியாக மாற்றித் தருகிற ஒரு கருவியும் உண்டு, ஒரே தட்டில் வேலை முடிந்துவிடும், அதை அவள் தொடவில்லை. எல்லாருக்கும் சரி என்று சொல்வதற்கு விதி எதற்கு? கேட்பது பிடித்திருந்தது அவளுக்கு. எதற்கு, எதற்கு. ஆயிரத்து நானூறு நூறாகி, பத்தாகி, இப்போது மிச்சம் ஒன்று. லேபிள் அடிக்கிற புரோகிராம், ரத்தம் கொடுத்தவர்களின் விவர ஃபைலைப் படிக்கிறது. பகல் பன்னிரண்டு ஐந்து, ஆறு, சில நாள் பத்து. படித்தபின் லேபிள் அடிப்பதில்லை. பைக்கு ஒட்டுகிற லேபிளில் பெயரே கிடையாது, எண்ணும் குரூப்பும் தேதியும்தான், அதற்கு எதற்கு ஆளின் விவரம்?

உனக்கு எதற்கு இது. அக்கா ஷைனியும் ஒருநாள் அதைத்தான் கேட்டாள். கத்தவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள், உனக்கு என்னத்துக்குட்டீ இது. ஜெர்லினுக்கு அப்போது பதிமூன்று வயது. அக்காவின் பெயருக்கு வந்த நீளமான கவர், ஓமன் ஸ்டாம்பு, ஒட்டிய இடம் லேசாக உப்பியிருந்தது, புட்டுக்குடத்து ஆவியில் காட்டினால் திறக்கும் என்று யார் சொன்னார்கள் என்று இப்போது நினைவில்லை. காட்டினாள். திறந்தது. எவ்வளவு லேசாக, ஒரு பூவிதழ் மாதிரி. மஸ்கட்டில் நர்ஸ் வேலைக்கு ஷைனியை எடுத்திருக்கிறார்கள், பத்தொன்பதாம் தேதிக்குள் பதில் போட வேண்டும். அவள் கெட்ட எண்ணத்தில் ஒன்றும் செய்யவில்லை, ஆச்சரியம் தாங்காமல் அம்மாவிடம் ஓடினாள், அவ்வளவுதான், எம்மா, ஷைனிக்கு வெளிநாட்டு வேல! அம்மா அன்றைக்கே மாமாவுக்குப் போன் போட்டாள். பதில் போடாமலே பத்தொன்பதாம் தேதி போனது, பிறகு ஒரு மாதத்தில் மார்த்தாண்டத்தில் கல்யாணம். ஷைனி நன்றாகத்தான் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள், அத்தான் தங்கமானவர். ஆனால் இன்றைக்கும் ஜெர்லின் போனால் ஷைனி கண்ணாடி அலமாரியைத் திறந்து விருந்தாளிகளுக்கான பொன் விளிம்பு போட்ட கப்பை எடுத்துக் காப்பி தருகிறாள், அத்தானின் தங்கை வந்தால் எவர்சில்வர் டம்ளரில்தான் கொடுக்கிறாள், அதை ஜெர்லின் பார்த்திருக்கிறாள். யாரிடம் போய்ச் சொல்வது, என் அக்கா எனக்கு நல்ல கப்பில் காப்பி தருகிறாள் என்று? பன்னிரண்டு மூன்று. தெரிந்துகொள்ள ஆசைப்படுவது தப்பில்லை, ஆவியில் காட்டுவதுதான் தப்பு. அப்படியா? இரண்டும் வேறு வேறு என்று யார் பிரித்துக் கொடுப்பார்கள்? விரல் நுனிகள் குளிர்ந்திருந்தன, தொடைக்கு அடியில் வைத்துச் சூடாக்கினாள். ஒருவேளை தரகர்களுக்குக் கொடுக்கிறவர்களாக இருந்தால்? இருந்தால் தினமும் ஒரே ஒரு தடவையா படிப்பார்கள்? எல்லாவற்றையும் ஒரேயடியாக அள்ளியிருப்பார்களே. இல்லை, ஒன்றொன்றாக எடுப்பதுதான் சாமர்த்தியமோ? லேபிள் அடிக்கிற அறையில் பகலில் இருப்பது ஒரே ஆள். இதையும் முதல் வாரத்திலிருந்தே அவள் அறிவாள், அறிந்தும் எழுந்து போய்க் கேட்கவில்லை, கேட்டால் இந்தப் புதிர் முடிந்துவிடுமே என்றா, இல்லை கேட்க வேண்டிய ஆள் கனகபாய் அக்கா என்பதாலா?

வந்தது. பன்னிரண்டு ஐந்து, நாற்பத்தொன்றாவது விநாடி. மறுக்கப்பட்டது, ஆனால் விடப்பட்டது. ஜெர்லின் எழுந்தாள். செருப்பைத் தேடவில்லை, வெறுங்காலோடு நடந்தாள், தரை ஈரமாக, டெட்டால் வாடையோடு, நடைபாதையில் ரத்தம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு போலீஸ்காரர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார், அது உடைந்து விழப்போகிறது, விழுந்தது. கதவு பாதி திறந்திருந்தது. கனகபாய் அக்கா திரைக்கு முன்னால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள், நாற்பத்தெட்டு வயது, இருபது வருஷமாகப் பைகளுக்கு லேபிள் ஒட்டுகிறவள், ஒரு லேபிள் கோணலாக ஒட்டினாலும் அன்று முழுக்க முகம் சரியில்லாமல் இருப்பவள் என்று சொல்வார்கள். திரையில் பழைய லேபிளை மறுபடி அடிக்கிற ஜன்னல். ஒரு பை எண். மூலையில் சின்ன எழுத்தில் ஒரு தேதி. ஜெர்லினுக்கு அந்த இடத்திலேயே பாதி விளங்கியது. இந்தப் புரோகிராமை எழுதியவர் எந்தக் காலத்திலோ, பழைய பை எண்ணைப் போட்டால் அந்த ஆள் கடைசியாக ரத்தம் கொடுத்த தேதியும் தெரியட்டும் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அந்த ஒரு தேதிக்காக மொத்த ஃபைலையும் திறக்கிறது அது.

"அக்கா, இது யாருக்க நம்பர்?"

கனகபாய் திடுக்கிடவில்லை. கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள், அவளைப் பார்த்தாள், வெறுங்காலைப் பார்த்தாள்.

"தெரியாது பிள்ளே," என்றாள். "சத்தியமாத் தெரியாது. பேரு இதுல வராது. தேதி மட்டும்தான் வரும்."

"பின்ன என்னத்துக்கு டெய்லி பாக்கிய?"

"நீ பாத்திட்டிருந்தியா?"

"மெஷின் எழுதிட்டிருந்து. நான் வாசிச்சேன்."

அக்கா எழுந்து கதவைச் சாத்தினாள். குளிர்பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, அதனிடம் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "நாலு வருஷம் ஆகு, எனக்கு வயித்துல ஆபரேஷன், இங்கதான். மூணு பை ஏத்துனாங்க. மூணாவது பை ஏறும்போ எனக்கு லேசா முழிப்பு வந்து. மேல பாக்கேன், லேபிள் சாஞ்சிருக்கு. ரெண்டு நாளைக்கு முன்ன நானே ஒட்டுனது. நெறைய வேல கிடந்து, சாஞ்சிட்டு, போட்டும்னு விட்டேன். எனக்க கைதான் பிள்ளே. கிடந்துகிட்டே நம்பர வாசிச்சேன், மறக்கல." பெட்டியின் கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள். "அப்புறம் வேலைக்கு வந்த பிறகு ஒருநாள் சும்மா அடிச்சுப் பாத்தேன். தேதி வந்து. மூணு மாசத்துக்கு ஒருக்க அந்தத் தேதி மாறும். ஆளு வந்திருக்காரு, நல்லா இருக்காருன்னு நினைச்சுக்கிடுவேன். ஆளோ பொம்பளையோ, அதுவும் தெரியாது. ரெண்டு மூணு தடவ அவிய வந்து படுத்திருந்த நேரம் நான் இந்த ரூம்ல இருந்திருப்பேன், இல்லியா? அதுக்காக எட்டிப் பாக்கல. கேக்கவும் இல்ல. அது தப்புன்னு எனக்குத் தெரியும்."

"இப்ப டெய்லி பாக்கியளே?"

"எட்டு மாசமாத் தேதி மாறல." அக்காவின் குரல் அங்கே பயத்தில் ஒரு படி இறங்கியது. "பேடியா இருக்கு."

ஜெர்லின் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது பை எண் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது, பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை, திரையில் இருந்தது, கண் தானாக எடுத்துக்கொண்டது, ஏழு இலக்கம், கடைசியில் இரண்டு ஒன்பது. கையைக் கீபோர்டில் வைத்தால் போதும். பெயர், ஊர், வயது, ஏன் வரவில்லை என்பதுகூட. வெளிநாடு போயிருக்கலாம். ஊர் மாறியிருக்கலாம். சோதனையில் ஏதாவது தெரிந்து, இனிமேல் நீங்கள் கொடுக்க வேண்டாம் என்று டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், அப்படியானவர்களின் பட்டியல் தனி. இல்லை, அதைவிடப் பெரிதாக. இன்னும் நாற்பது நிமிஷத்துக்கு ரூட்டுக்கு எல்லாம் திறந்திருக்கிறது, அதற்குப் பிறகு அவளே எழுதிய விதி அவளையும் வெளியே நிறுத்தும். பார்த்து, அக்காவிடம் போய், ஆள் நல்லா இருக்காங்க என்று ஒரு வார்த்தை, பெயர் சொல்லாமல். நல்ல காரியம்தானே? நல்லா இல்லை என்றால்? அப்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது, எம்மா எம்மா என்று ஓடிவந்த முகத்தை? அந்த ஆள் யாரோ, தன் கையை நீட்டி ஊசியைக் குத்தவிட்டுப் பெயரை இங்கே நம்பிக் கொடுத்தார், லேபிளில் வராது என்று நம்பிக் கொடுத்தார். டக் டக் என்று பெட்டி ஆட்டியது. அவருடைய ரத்தம் ஒரு பெண்ணுக்குள் நாலு வருஷத்துக்கு முன் ஏறி, அவளுடைய சொந்த ரத்தமாகிக் கரைந்து எப்போதோ காணாமல் போயிருக்கும், சிவப்பணுவுக்கு நாலு மாதம்தான் ஆயுசு என்று டாக்டர் ஒருநாள் சொன்னார், பிறகு அக்கா தேடுவது எதை? கேட்டுக்கொண்டே இருந்தாள், பதில் வராத கேள்வி வாய்க்குள் புளியங்கொட்டை மாதிரி உருண்டது, துப்பவும் மனமில்லை. அறிக்கையில் அந்த வரி இருக்கிறது. அதை அழிக்கலாம், அழித்தால் கனகபாய் அக்கா தப்பிப்பாள். அழித்தது எங்கேயும் பதிவாகாது, இன்னும் முப்பத்தைந்து நிமிஷத்துக்கு. ஆனால் பிறகு எந்த முகத்தோடு இந்த விதியை மற்றவர்களுக்கு மாட்டுவது? தரகர்கள் விஷயம் இருக்கிற இந்த நேரத்தில் பதினான்கு நாள் பதிவும் ஒரு பெண்ணின் கையைக் காட்டினால் நிர்வாகம் என்ன செய்யும் என்பதும் அவளுக்குத் தெரியும், இருபது வருஷம் என்று யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள். அந்த வரியை நாலு முறை வாசித்தாள். வாசிக்க வாசிக்க அது வேறு மாதிரி ஆகிக்கொண்டே போனது. கடைசியில் அதில் குற்றமும் இல்லை, அனுமதியும் இல்லை, ஒருத்தி தினமும் மத்தியானம் ஒரு கதவருகே வந்து, தட்டாமல், விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போவது இருந்தது.

டாக்டர் பிரேமலீலா அறிக்கையை நின்றுகொண்டே வாசித்தார், அவர் எதையும் உட்கார்ந்து வாசிப்பதில்லை. ஜெர்லின் எல்லாவற்றையும் சொன்னாள், சாய்ந்த லேபிள் உட்பட. சொல்லும்போது தன் குரல் பதிமூன்று வயதுக் குரலாக ஆகிவிடுமோ என்று பயந்தாள், ஆகவில்லை.

"பேரப் பாக்கல்லன்னு எப்பிடிச் சொல்லுத?"

"அந்த ஜன்னல்ல தேதி மட்டும்தான் டாக்டர் வரும். வேற எங்கயும் அவங்க போகல்ல. போயிருந்தா அதுவும் எழுதியிருக்கும். எண்ணூறு பேரு விவரம் இருக்கு, ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல அது திறக்கல்ல."

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். மழையில் ஒரு ஆட்டோ ரிவர்ஸ் எடுக்க முடியாமல் திணறியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்த அரை நிமிஷத்தில் ஜெர்லினுக்குத் தோன்றியது, தோன்றியது என்றுகூடச் சொல்ல முடியாது, வாய் முந்திக்கொண்டது. "ஆறு மாசத்துக்கு மேல வராதவங்களைக் கூப்பிட்டு விசாரிக்கிற வேல நின்னு போச்சுல்லா டாக்டர், நம்ம கவுன்சிலிங் பொண்ணு கல்யாணமாகிப் போன பிறகு. தரகருங்க விஷயத்தில பயந்து நின்னவங்களும் இருப்பாங்க. நம்ம கூப்பிட்டுப் பேசினா நல்லதுதானே. கனகபாய் அக்கா பேசட்டும். உங்க ரூம் போன்ல இருந்து, நீங்க குடுக்கிற லிஸ்ட்ல இருந்து. பேரும் போனும் மட்டும். பை நம்பர் வேண்டாம்."

"லிஸ்ட்டு எத்தன பேரு?"

"நூத்தி முப்பத்தேழு."

டாக்டர் அவளைக் கூர்ந்து பார்த்தார். "அதுல எது தனக்க ஆளுன்னு அவளுக்குத் தெரியாது."

"தெரியாது."

"லிஸ்ட்ல இல்லாமக்கூட இருக்கலாம். நான் தனியா வச்சிருக்கிற ஆளுங்க இதுல வர மாட்டாங்க. அது தெரியுமா அவளுக்கு?"

"சொல்லணும் டாக்டர். நானே சொல்லுதேன்."

"நீ சொல்லாண்டாம்," என்றார் டாக்டர். "கூப்பிடு, நான் சொல்லுதேன். ரெண்டு திட்டும் வச்சிருக்கேன்."

பன்னிரண்டு ஐம்பது. சர்வர் அறையில் அவள் மட்டும். கடைசி வரிக்கு அனுமதி எழுதவில்லை, அந்தச் சின்னத் தேதி இனி வெற்றிடமாகத்தான் வரும். பூட்டுவதற்கு ஒரு கட்டளை, அதைத் திறக்க முடியாமல் செய்ய இன்னொன்று, அதற்குப் பிறகு மெஷினையே நிறுத்தி டாக்டரிடம் இருக்கிற கடவுச்சொல்லைப் போட்டால்தான் மாற்ற முடியும். ஏழு இலக்கமும் இன்னும் தலைக்குள் அப்படியே இருந்தன. விரல்கள் இப்போது குளிரவில்லை. இரண்டு கட்டளைகளையும் அடித்தாள். அலாரம் ஓடுகிறதா, ஓடியது. சோதனைக்கு ஒரு லேபிள், அடித்தது. பிறகு, சோதனைதான் என்று சொல்லிக்கொண்டு, அப்படி மட்டும்தானா என்று அவளுக்கே சரியாகத் தெரியாமல், ரூட்டாக நின்று அந்த ஃபைலைத் திறக்கச் சொன்னாள். அனுமதி மறுக்கப்பட்டது. திரை அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதிவேட்டைப் பார்த்தாள், புதிய விதியின் கீழ் விழுந்த முதல் மறுப்பு, நேரம், விநாடி, எதிரே அவள் கணக்கின் பெயர். இந்த முறை மறுத்துவிட்டு வழிவிடவில்லை. ஜெர்லின் சத்தமாகச் சிரித்துவிட்டாள், தனியாக, எதிர்பாராமல் யாரோ தோளிலிருந்து ஒரு சுமையை எடுத்துக்கொண்ட மாதிரி, ஆனால் ஆசை போகவில்லை, அது அப்படியே, சூடாக, உயிரோடு இருந்தது, யாராக இருக்கும், யாராக இருக்கும்.

சாப்பிடப் போகிற வழியில் டாக்டரின் அறையைத் தாண்ட வேண்டும். கதவு திறந்திருந்தது. கனகபாய் அக்காவின் கண்கள் சிவந்திருந்தன, திட்டு வாங்கியாகிவிட்டது போல. முன்னால் காகிதம், கையில் ரிசீவர், முதல் பெயரின் மேல் ஆள்காட்டி விரலை அழுத்திப் பிடித்திருந்தாள், காற்றில் பறந்துவிடும் என்பதைப் போல. ஜெர்லின் நடையை நிறுத்தினாள். போன் எங்கோ ஒரு வீட்டில் அடித்துக்கொண்டிருந்தது, இங்கே நின்றால்கூட அது கேட்கிற மாதிரி இருந்தது, ஐந்து முறை, ஆறு முறை. யாரோ எடுத்தார்கள்.

"வணக்கம், ரத்த வங்கியில இருந்து பேசுதேன்," என்றாள் அக்கா. விரலைப் பெயரிலிருந்து எடுக்கவில்லை. "இல்ல இல்ல, ரத்தம் கேட்டு இல்ல. ரொம்ப நாளா வரலியே, சுகமா இருக்கியளான்னு கேக்கத்தான்."